காய்ச்சல் எத்தனை டிகிரி

மக்கா,

நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் நீ ரயிலேறி, டிரங்குப் பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் என் வழக்கப்படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் குப்பியை நிமிர்த்தி வை, சீப்பை யாருக்கும் இரவல் கொடுக்காதே, ஓடச் சொன்னால் வெறும் வயிற்றோடு ஓடாதே. வண்டி அசையப்போகிற நேரம் பார்த்து நீ கேட்டாய்: “அம்மா, அண்ணைக்கு எனக்குக் காய்ச்சல் எத்தன டிகிரி இருந்து?” எந்த அன்றைக்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருஷக்கணக்காக நம் வீட்டில் பேசாமல் வைத்திருக்கிற நாள் அது ஒன்றுதானே. காது கேட்காதவள் மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். வண்டி போய்விட்டது. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உனக்கு இன்னும் என்ன போலீஸ் டிரெயினிங் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். நாற்பது நாள் ஆகிவிட்டது. இப்போது பதில் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன், சலித்துக்கொள்ளாதே. இதை வேறு ஆட்களும் படிக்க வேண்டி வரும். உன்னைப் பெற்றவள் ஸ்டெல்லா. பாறசாலைப் பக்கம் நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். உன் அப்பன் வில்சன், ரப்பர் வெட்டுகிறவன். நான் வளர்த்தவள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷமாக அட்டெண்டராக இருக்கிறேன். அதோடு சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. நீ போட்டுக்கொள்ளப்போகிற காக்கி உடுப்புக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அதிலிருந்துதான் வந்தது.

அப்போது நம் ஸ்டேஷனில் பெண் போலீஸ் கிடையாது. ஒரு பெண் தூக்கிலோ தண்ணீரிலோ செத்தால், உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஆண் போலீஸ் துணியை விலக்கிப் பார்க்க முடியாது, ஊர் விடாது. பிணத்துக்குப் பயப்படாத ஒரு பெண்பிள்ளை வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் என்று என்னைப் பிடித்தார்கள். ஜீப் நம் வாசலில் வந்து நிற்கும். சுகுமாரன் ஏட்டு இறங்காமலே, “சேச்சி, ஒந்நு வரணே” என்பார், அக்கா கொஞ்சம் வாங்க என்று. நான் பாலராமபுரம் நெசவில் பழைய வெள்ளை முண்டு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு ஏறுவேன். அங்கே போனதும் ஆண்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன். ஏட்டு வெளியே கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தை மடியில் வைத்துக்கொள்வார். நான் உள்ளே பார்த்துப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். “இடது முழங்கையில சிராய்ப்பு, ரெண்டு விரல் நீளம்.” அவர் தன் விரலை ஸ்கேலில் வைத்து சென்டிமீட்டராக்கி மலையாளத்தில் எழுதுவார். ஊர்ப் பெரிய ஆட்கள் நாலைந்து பேர் பலா மரத்தடியில் நின்று கையெழுத்துப் போடுவார்கள். அவர்களில் யாரும் எதையும் பார்த்ததில்லை. கதவுக்கு உள்ளேயிருந்து என் வாயில் வந்தது எதுவோ அதுதான் கவர்ன்மென்ட் காகிதம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடுவதற்கு முன்னால் குனிந்து அவள் பெயரைக் காதில் சொல்வேன். நான் இன்னார், உன்னைப் பார்க்க வந்திருக்கிறேன், கூச்சப்படாதே என்பேன். எந்த சபைக்காரியானாலும், கோயிலுக்குப் போகிறவளானாலும் அதே பேச்சுதான். பார்த்து முடித்ததும் முண்டால் மூடிவிட்டு வெளியே வருவேன். டெட்டால் போட்டுக் கை கழுவுவேன். ஊரில் பெண்கள் என்னிடம் நன்றாகத்தான் பேசுவார்கள். ஆனால் சபை விருந்தில் நான் விளம்பினால் ஒருத்தியும் இலையை நீட்டமாட்டாள். போங்கடி, நாளைக்கு நீங்கள் செத்தால் நான்தான் வர வேண்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையும் உண்டு, மறைக்க மாட்டேன். ஜீப் வந்து நிற்கிற வீடு ஊரில் வேறு எது? வேலிச் சண்டை, மாடு மேய்ந்த சண்டை என்று எது வந்தாலும், ஏட்டிடம் ஒரு வார்த்தை சொல் என்று என்னிடம் வந்து நிற்பார்கள். பீட் போலீஸ்காரர் கையெழுத்துப் போடுகிற நோட்டு நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது உனக்கு நினைவிருக்கும். அவருக்குக் கஞ்சித்தண்ணீர் கொடுக்க நீ ஓடுவாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

உனக்கு ஒன்பது வயது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாய், மூன்றாம் நாள் உன் அம்மா உன்னைப் பள்ளிக்கு விடவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள், ஸ்டெல்லா கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று. நான் வந்து சேரும்போது தூக்கி எடுத்துத் திண்டில் கிடத்தியிருந்தார்கள். வில்சன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தண்ணீர் கோரும்போது பாசியில் கால் வழுக்கிவிட்டது, தான் ரப்பர் தோட்டத்தில் நின்றதாகச் சொன்னான். நம்பினேன் மக்கா. ஏன் நம்பாமல்? என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ரோடுவரை ஓடியவன் அவன்தான். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கும், அடிப்பான் என்று தெரியும். எந்த வீட்டில்தான் இல்லை என்று நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்த நாட்கள் உண்டு. அதுவும் என் கணக்கில் கிடக்கட்டும்.

ஜீப் வந்தது. அன்றைக்கு எங்கோ மந்திரி வருகிறார் என்று எஸ்.ஐ. அவசரத்தில் நின்றார். ஏட்டு முதலில் உன் மாமா தங்கராஜிடம், கல்யாணம் முடிந்து எத்தனை வருஷம் என்று கேட்டார். பத்து என்றான். ஏட்டு பெருமூச்சு விட்டார். ஏழுக்குள் என்றால் தாசில்தார் வர வேண்டும், பெரிய வேலை. இது அவர்களே முடிக்கலாம். உடம்பில் காயமில்லை, யாருக்கும் சந்தேகமில்லை என்றால் பிணத்தை இங்கேயே அடக்கக் கொடுத்துவிடலாம். காயமிருந்தால் திருவனந்தபுரம் கொண்டுபோய்ப் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கீற வேண்டும். உடம்பை உள்ளறையில் கொண்டு கிடத்தியதும் நான் கதவைச் சாத்தப்போகும்போது தங்கராஜ் என் கையைப் பிடித்தான். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“அக்கா, எனக்க அப்பன கீறித் தச்சுக் கொண்டு வந்தத நீங்க பாத்தியதான? சாக்கு தச்சது போலயாக்கும் தச்சிருந்து. அம்மை அதப் பாத்துட்டு பிறகு எந்திரிக்கவே இல்ல. எனக்க தங்கச்சிய கீறாண்டாம் அக்கா. கல்யாணச் சேலைய உடுத்தி முழுசா அடக்கணும்.”

“நீ கையை விடு பிள்ளே. நான் பாத்துக்கிடுகேன்” என்றேன்.

கதவைச் சாத்தினேன். குனிந்தேன். “ஸ்டெல்லா, நானாக்கும். பக்கத்து வீட்டு அக்கா. கூச்சப்படாத” என்றேன். கைகளையும் சேர்த்துச் சுற்றி மூடியிருந்த ஈரச் சேலையை விலக்கினேன். இரண்டு மேல்கையிலும் பின்பக்கம் நாலு விரல், முன்பக்கம் பெருவிரல், நீலமாகப் பதிந்திருந்தது. அது பழையதாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு கையைப் பார்த்தேன். நகத்துக்குள்ளெல்லாம் கிணற்றுப் பாசியும் சுண்ணாம்பும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். வழுக்கி விழுந்தவள் பிடிக்கத்தான் செய்வாள், சரி. ஆனால் இரண்டு கையிலும் விரல் முட்டுகள் நசுங்கித் தோலுரிந்து வெள்ளெலும்பு தெரிந்தது. சுவரில் உரசினால் உள்ளங்கைதான் போகும். முட்டு நசுங்க வேண்டுமென்றால் மேலிருந்து ஒன்று அழுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை கை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

வெளியே எஸ்.ஐ. ஏட்டை அவசரப்படுத்துகிற சத்தம் கேட்டது. “சேச்சி, வேறே எந்தெங்கிலும் உண்டோ?” என்றார் ஏட்டு. அவர் எப்போதும் கடைசியில் கேட்கிற கேள்வி அது, வேறு ஏதாவது உண்டா என்று.

தங்கராஜின் அழுகை கேட்டது. செத்தவள் செத்துவிட்டாள், இவளைக் கீறினால் எழுந்து வருவாளா என்று நினைத்தேன். அப்பனும் ஜெயிலுக்குப் போனால் இந்தப் பிள்ளைக்கு யார் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் என் வாய்ச்சொல்லைக் காகிதமாக்கிப் பழகியவர்கள், இன்றும் எழுதுவார்கள் என்பதையும் நினைத்தேன். அந்தத் திமிரும் இருந்தது மக்கா. ஒரு கதவுக்குப் பின்னால் நானே கோர்ட்டு, நானே ஜட்ஜு. ஸ்டெல்லாவின் விரல்களை உள்ளே மடக்கினேன். கையை முண்டுக்குள் வைத்துச் சுற்றினேன். “ஒண்ணும் இல்ல சாரே” என்றேன். வெளியே பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு பலா மரத்தடியில் நின்ற பெரிய ஆட்களோடு நானும் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு முடியவில்லை. நீ நம் வீட்டுக் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தாய். சுகுமாரன் ஏட்டு மோசமான ஆளில்லை. போகிற போக்கில் உன் முன்னால் குத்தவைத்து, “மோளே, நீ எந்தெங்கிலும் கண்டோ?” என்று கேட்டார். நீ அழாமல் சொன்னாய்: “அப்பா கிணத்துமேட்டுல ஏறி நின்னு அம்மைக்க கைய சவுட்டிச்சு.” மிதித்தான் என்று. நசுங்கிய அந்த முட்டுகளை இந்த உலகத்தில் என்னையும் அவனையும் தவிர வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. மூன்றாவதாக நீ. ஏட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் திருப்பியிருக்கலாம். முண்டை விலக்கிக் காட்டியிருக்கலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி மாற்றினால் என்னைப் பிடிப்பார்கள் என்று பயந்துவிட்டேன். “பிள்ளைக்கு நல்ல காய்ச்சலாக்கும் சாரே. மூணு நாளா பிச்சும்பேயும் சொல்லுது” என்றேன், காய்ச்சலில் உளறுகிறது என்று. அவர் உன் தலையைத் தடவிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன்.

ஸ்டெல்லாவைக் கல்யாணச் சேலை உடுத்தி முழுசாக அடக்கினோம். கைக்கு நான்தான் வெள்ளைக் கையுறை போட்டேன். எவ்வளவு நல்லா ஒருக்கி அலங்கரிச்சிருக்கா என்று ஊரே சொன்னது. வில்சன் அம்பூரியில் ரப்பர் வெட்டுக்குப் போகிறேன், திரும்பி வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்கிறேன் என்றான். கூட்டிப்போகவில்லை, அங்கேயே வேறு கல்யாணம் கட்டினான். நீ என்னிடம் நின்றாய். பாவத்துக்குப் பரிகாரமாக உன்னை வளர்த்தேன் என்று சொன்னால் பொய். பிள்ளையில்லாத வீட்டுக்கு நீ வந்தாய், எனக்கு ஆசையாக இருந்தது. இதையும் தெரிந்துகொள்.

முதல் வருஷம் நீ திரும்பத் திரும்பக் கிணற்றைச் சொல்வாய். “அது சொப்பனம் மக்கா, காய்ச்சல்ல கண்டதாக்கும்” என்பேன். ஜெபத்தில்கூட, பிள்ளைக்குக் கெட்ட சொப்பனம் வராமல் காத்தருளும் என்று உன் காதுபடச் சொல்வேன். கிறிஸ்மஸுக்கு உன் அப்பன் பிஸ்கட் பொட்டலத்தோடு வருவான். நீ கட்டிலுக்கடியில் போய்ப் பாவாடையை நனைத்துக்கொண்டு கிடப்பாய். நான் உன் காலைப் பிடித்து இழுத்து, “அப்பனாக்கும் வந்திருக்கான், போய் வாங்கு பிள்ளே, வாங்கு” என்று முன்னால் தள்ளிவிடுவேன். அந்தக் கையிலிருந்து நீ வாங்கினாய். மூன்று கிறிஸ்மஸ் வாங்கினாய். அதற்குப் பிறகு கிணற்றைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாய். மறந்துவிட்டது, பிழைத்துக்கொண்டது என்று நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். எவ்வளவு பெரிய மூடத்தி நான்! நீ மறக்கவில்லை. நீ கண்டதையே நீ நம்பாமல் போனாய், அதைச் செய்தது நான்.

அடுத்த முறை ஜீப் வந்தபோது போனேன். சின்னப் பெண், தூக்கு. குனிந்து பெயர் சொல்லப் போனால் வாயில் பெயர் வரவில்லை. முழங்கால் வலி, இனி என்னால் முடியாது என்று ஏட்டிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் யாரும் போகவில்லை. போலீஸ்காரர்களே தூரத்தில் நின்று பார்த்து எழுதினார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பொய் ஒருத்தியோடு நிற்கவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இத்தனையும் நெஞ்சோடு கொண்டுபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டுப் போன பிறகும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அம்பூரியிலிருந்து ஒருத்தி கை ஒடிந்து வந்தாள், கூடவே நாலு வயசுப் பெண் குழந்தை. விறகு விழுந்துவிட்டது என்றாள். மாவுக்கட்டுப் போடுவதற்காக நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். மேல்கையில் பின்பக்கம் நாலு விரல், முன்பக்கம் பெருவிரல்.

“உனக்க மாப்பிள்ளைக்கு என்ன பேரு?” என்றேன்.

“வில்சன்.”

“அடிப்பானா பிள்ளே?”

அவள் குழந்தையைப் பார்த்தாள். “இல்ல அக்கா. ஒண்ணும் இல்ல.”

நான் சொன்ன அதே வார்த்தை. மாவுத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன், டாக்டர் திட்டினார். அந்தக் குழந்தை மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தது, அவள் இடது கையால் அதன் வாயைப் பொத்தினாள். அவளை இங்கேயே இரு என்று கெஞ்சினேன். சாயங்காலம் அவன் வந்து கூட்டிக்கொண்டு போனான். என்னைப் பார்த்துச் சிரித்தான் மக்கா, அக்கா சுகமா என்று கேட்டான்.

அதனால் இப்போது சொல்கிறேன், கேள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. படித்துவிட்டு அழ வேண்டுமானால் அழு, என்னைச் சபிக்க வேண்டுமானால் சபி, எனக்கு அது கிடைக்க வேண்டியதுதான். பிறகு உங்கள் பெரிய ஆபீசரிடம் கொண்டுபோய்க் கொடு. மலையாளத்தில் மாற்றி எழுத ஆள் கிடைக்கும். நான் சும்மா இருக்கவில்லை. இதே விஷயத்தை இன்னொரு காகிதத்தில் எழுதி நாளைக் காலை முதல் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போகிறேன். டி.வை.எஸ்.பி. ஆபீஸ் வாசலில் உட்காருவேன். விரட்டினால் மறுநாளும் உட்காருவேன். சுகுமாரன் ஏட்டு பென்ஷன் வாங்கிப் படுக்கையில் கிடக்கிறார், அவரிடம் நேற்றுப் போய்ச் சொல்லியாயிற்று. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொய்ச்சாட்சிக்கு என்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்றால் வைக்கட்டும். பத்து வருஷத்துக்குப் பிறகு இதெல்லாம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அம்பூரிக்காரியும் அந்தக் குழந்தையும் உயிரோடு இருக்கும்போதே ஒரு போலீஸ்காரன் அந்த வாசலில் போய் நின்றால் போதும்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி அதிகமில்லை. நாளைக்கு உன்னையும் ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். வெளியே ஒருவர் பேனாவோடு இருப்பார். ஒருவன் அழுவான், ஒருவர் மணி பார்ப்பார். பார்த்ததைப் பார்த்தபடி சொல். கையை விரித்துப் பார், மடக்காதே. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் முதலில் அதனிடம் கேள், பெரியவர்கள் குறுக்கே பேசினால் அவர்களை வெளியே அனுப்பு. அனுப்ப வேண்டியவள் என்னைப்போல வெள்ளைச் சேலை கட்டி பைபிளோடு நிற்பாள், நல்லவளாகத் தெரிவாள்.

நான் ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி நீ கேட்டதற்குப் பதில். அன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதான்னு ஒண்ணு பாருங்க” என்றாள். தெர்மாமீட்டரை உதறி உன் கக்கத்தில் நானே வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தேன். உன் அம்மா முகம் கழுவாமல் என் பக்கத்தில் நின்று, எவ்வளவு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டுக்கு ஒரு கோடு குறைவு. முந்தின நாள் ராத்திரியே விட்டிருந்தது. நன்றாகத் தெளிந்துதான் இருந்தாய், என்னிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டாய்.

உனக்கு அன்றைக்குக் காய்ச்சல் இல்லை மக்கா.